முக்கால் கிலோவுக்கு ஒரு காந்தம்

மூன்று காந்தங்களையும் அபுதாகிர் பாய் ஒன்றுக்கொன்று ஒரு முழம் தள்ளித்தான் மேசை மேல் வைத்தார். கிட்டத்தில் வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று பாய்ந்து கட்டிக்கொள்ளும், பிரிப்பதற்குள் விரல் நசுங்கிவிடும். அது சென்னியப்பனுக்கும் தெரியும். காங்கேயத்தில் முப்பத்தோரு வருஷம் எண்ணெய் மில் நடத்திய மனுஷருக்குக் காந்தத்தைப் பற்றி யாரும் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மில்லுக்கு வேண்டிய காந்தமெல்லாம் இதே கடையில்தான் வாங்கினார், எல்லாம் கை நீளத்துக்குப் பட்டை பட்டையாக இருக்கும், தூக்க இரண்டு ஆள் வேண்டும். இது உள்ளங்கை அகலம்தான். மேலே ரப்பர் போர்த்தி, திருகாணிக்கு இரண்டு துளை விட்டிருந்தது. கட்டில் ஓரத்திலோ மேசைக்கு அடியிலோ திருகிவிட்டால் ரிவால்வர் அதில் போய் ஒட்டிக்கொண்டு கிடக்கும், வேண்டிய நேரத்தில் கையை நீட்டி எடுத்துக்கொள்ளலாம். டல்லாஸில் இருக்கிற மகன் பூபதி வீடியோ அனுப்பியிருந்தான். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் படுக்கையில் மல்லாந்து கிடந்தபடி கையை மட்டும் பக்கவாட்டில் விட்டார், துப்பாக்கி கைக்கு வந்துவிட்டது, ஆள் எழுந்துகூட உட்காரவில்லை. "இங்கெல்லாம் இது ஸ்க்ரூடிரைவர் வாங்கற மாதிரிங்ப்பா, யாரும் ஒரு பேச்சு கேக்க மாட்டாங்க." யாரும் கேட்க மாட்டார்களாம். இங்கே பாயும்தான் கேட்கவில்லை. "மூணும் ஒரே சாமான்தான் மொதலாளி, இழுவைதான் வேற. அஞ்சு கிலோ, பன்னண்டு கிலோ, இருவது கிலோ. நெதானமாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்ட டிபன் கேரியரைக் கழுவக் கடைக்குப் பின்னால் போய்விட்டார். மணி இரண்டே முக்கால். நாலு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ரிவால்வரை வாங்கிக்கொண்டு, ஐந்துக்குள் வீடு சேர்ந்துவிட வேண்டும், பொழுது விழுவதற்குள், கூட வந்திருக்கிற சம்சாரம் தெய்வாத்தாள் அவளுடைய வாசலுக்குள் இருக்க வேண்டும். நேரம் தாராளமாக இருந்தது.

துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் கொண்டுபோய் ஒப்படைத்துவிட வேண்டும், ஓட்டெல்லாம் எண்ணி முடித்து, அங்கிருந்து கூப்பிட்ட பிறகுதான் திரும்ப வாங்க முடியும், இருபத்து நாலு வருஷமாக இதுதான் வழக்கம். முதல் முதல் ஒப்படைத்தபோது ஏதோ பெண்ணைக் கட்டிக்கொடுத்த மாதிரி ஸ்டேஷன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார், அப்போது வயதும் திமிரும் இருந்தது. அப்புறம் அப்புறம் ரேஷன் கார்டு காட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. நேற்று ரைட்டர் போன் செய்தார், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. பூபதிக்கு அதைச் சொன்னதும் அவனுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. பின்னே, மூன்று தோட்டம் தள்ளி நாகமாணிக்கத்தின் சாளையில், அந்தத் தோட்டத்து வீட்டில், அப்படி நடந்த பிறகு எந்த மகனுக்குத்தான் தூக்கம் வரும். பட்டப்பகலில் இரண்டு பேர் கிணற்றில் தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள், நாகமாணிக்கம் செம்பு எடுக்க உள்ளே திரும்பியிருக்கிறார், பின்மண்டையில் அடி விழுந்தது, அவ்வளவுதான். அவர் சம்சாரத்தின் காதுத் தோடு காதோடு போய்விட்டது. நாகமாணிக்கத்துக்கு இன்னும் பேச்சு வரவில்லை, போய்ப் பார்த்தால் கண்ணால் மட்டும் கும்பிடுகிறார். தோட்டத்துச் சாளைகளில் இப்போது இருப்பதெல்லாம் கிழவனும் கிழவியும்தான், பிள்ளைகள் ஒன்று பெங்களூரில், இல்லையென்றால் கடல் தாண்டி. நாய் இருக்கிறதே என்றால் நாய் திருடன் போட்ட பிஸ்கட்டைத் தின்றுகொண்டு நிற்கிறது. சென்னியப்பன் பயந்தவர் இல்லை, ஆனால் அறுபத்தேழு வயதில் முட்டி பிடித்துக்கொண்டு எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டு, பீரோவுக்குப் போய், லாக்கர் சாவியைத் தேடி... அந்தச் சாவி. அதுதானே விஷயம். சாவி எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

"ஏனுங் மாமா, இன்னும் ஆகலீங்களா?" தெய்வாத்தாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூன்றாவது தடவையாகக் கேட்டாள். "இதோ ஆச்சு அம்முணி" என்றார் அவரும் மூன்றாவது தடவையாக. காலையில் தலைக்கு ஊற்றிவிட்டு, மாம்பழக் கலர் சேலை கட்டி, அவரே கொசுவம் பிடித்துக்கொடுத்து, திருநீறு வைத்துக் கூட்டி வந்திருந்தார். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பாய்கூட "அம்மா நல்லாருக்கீங்களா" என்று கேட்க, "நல்லாருக்கேனுங், வீட்ல புள்ளைக சௌக்கியங்களா" என்று எவ்வளவு அழகாகச் சொன்னாள். பகல் இவளுடையது. பகலில் இவள் பழைய தெய்வாத்தாளில் முக்கால் பங்கு இருக்கிறாள், சாவியைத்தான் வைத்த இடம் மறந்துவிடுகிறாள், மறந்துவிடுவோம் என்கிற பயத்தில் இன்னும் பத்திரமாக ஒளித்து வைக்கிறாள். அரிசி டிரம்முக்குள் இருந்து எடுத்திருக்கிறார். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து, பருத்திக்கொட்டைச் சாக்கிலிருந்து, ஒரு தடவை ஃபிரிட்ஜில் கறிவேப்பிலைக் கட்டுக்குள்ளிருந்து, சாவி பச்சை வாசம் அடித்தது. தானே வாங்கி வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் கல்யாணமான மறுநாள் அவருடைய அம்மா இவள் இடுப்பில் சொருகிவிட்ட கொத்து அது, கேட்டால் கொடுத்துவிடுவாள், கொடுத்துவிட்டு இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வீடு முழுக்க நடப்பாள். ஒரு நாள் பார்த்தார், மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஈரோட்டு டாக்டர் மாத்திரை எழுதினார், நல்ல மனுஷர், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். பொழுது சாயச் சாயத்தான் இவங்களுக்குக் குழப்பம் அதிகமாகும், வெளிச்சம் போகும்போது இடமும் ஆளும் புதுசாத் தெரியும், எதிர்த்துப் பேசாதீங்க, விளக்கை முன்கூட்டியே போட்டுருங்க என்றார். அதிலிருந்து வீட்டில் நாலரை மணிக்கே எல்லா விளக்கும் எரிகிறது. பூபதியிடம் "அம்மாளுக்குக் கொஞ்சம் மறதி" என்பதோடு சரி. அதற்கு மேல் சொன்னால் ஏதாவது ஹோமில் விடச் சொல்வான், இல்லையென்றால் டிக்கெட் போடுகிறேன் என்பான், இரண்டும் ஆகாது. அதோடு, வாயால் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு முட்டாள்தனமும் இருந்தது அவருக்கு. முட்டாள்தனம் என்று தெரிந்தேதான் வைத்திருந்தார்.

சரி, காந்தத்தைப் பார்ப்போம். துப்பாக்கி கையில் இல்லாமல் துப்பாக்கிக்குக் காந்தம் பார்ப்பது அளவெடுக்காமல் சட்டை தைப்பதுதான், ஆனால் எடை தெரியும், குண்டு ஆறும் போட்டால் முக்கால் கிலோவுக்கு ஒரு முடி கூடக் குறைய. பாயின் மேசையில் பழைய தராசுப் படிக்கற்கள் கிடந்தன, அரைக் கிலோ ஒன்று, இருநூறு ஒன்று, ஐம்பது ஒன்று, எல்லாம் இரும்பு. மூன்றையும் ஒரு கம்பியில் கோர்த்துக் கட்டினார். மேசையின் இரும்பு விளிம்புக்கு அடியில் ஐந்து கிலோ காந்தத்தை ஒட்டவைத்துப் படிக்கல்லைத் தொங்கவிட்டார். பிடித்துக்கொண்டது. மேசையில் ஒரு தட்டு தட்டினார், விழுந்துவிட்டது, அதுவும் சரியாக அவர் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில். இது ஆகாது. இதில் குண்டு போட்ட ரிவால்வர் தொங்கி, கட்டிலில் யாராவது புரண்டு படுத்தால் போதும், திருடன் வர வேண்டிய வேலையே இல்லை. இருபது கிலோவை வைத்துப் பார்த்தார். படிக்கல் டப்பென்று போய் ஒட்டியது, இழுத்தால் வரவில்லை, இன்னும் இழுத்தார், மேசைதான் நகர்ந்தது. பக்கவாட்டில் சரித்துத் தள்ளித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இப்படி மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கும்போது விரல் எங்கே போகும், துப்பாக்கியின் குதிரைக்குள் போகும், தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டு கிடந்தால் ஊர் சிரிக்கும், ஸ்டேஷனில் ரைட்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதுவார். பன்னிரண்டு கிலோ ஒழுங்காக இருந்தது. தட்டினால் விழவில்லை, கைக்கு ஒரு இழுப்பில் வந்தது. ரப்பர் இருப்பதால் கீறலும் விழாது. இவ்வளவுதான் வேலை, எடுத்துக் கட்டச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் கிளம்பவில்லை, ஐந்து கிலோவை மறுபடியும் எடுத்தார், மறுபடியும் தொங்கவிட்டார், தட்டினார், விழுந்தது. அதை மேசை மேல் வைத்துவிட்டு, பன்னிரண்டு கிலோவை அடியில் ஒட்டிப் படிக்கல்லை அதில் மாட்டிவிட்டார்.

எங்கே திருகுவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும் அல்லவா. கட்டிலுக்கு அடியில், அவர் படுக்கிற பக்கம், தலைமாட்டில். ஆனால் தெய்வாத்தாள் கட்டிலுக்கு அடியில் தினமும் கூட்டுவாள், கூட்டியதும் சட்டத்தின் உள்பக்கம் கையை விட்டு ஒட்டடை துடைப்பாள், அவள் மாமியாரே மெச்சிய சுத்தம். பீரோவின் பக்கவாட்டில் என்றால் மறைவே இல்லை. ஜன்னல் கட்டைக்கு மேலே? ஸ்டூல் போட்டு ஏறித் துடைப்பாள். சாமி அலமாரிக்குப் பின்னால்? வெள்ளிக்கிழமை தோறும். டிவி ஸ்டாண்டுக்கு அடியில், தண்ணீர் ஃபில்டருக்கு மேலே, மாடிப்படியின் இரும்புக் கைப்பிடிக்குக் கீழே. ஒவ்வொரு இடமாக மனசுக்குள் போய் நின்று பார்த்தார், ஒவ்வொரு இடத்திலும் இவள் கையில் ஈரத்துணியோடு வந்து நின்றாள். நாற்பத்தோரு வருஷத்தில் அந்த வீட்டில் இவள் கை துடைக்காத இடம் ஒன்றுகூட இல்லை. மறந்தது எல்லாம் தலைதான், கை ஒன்றையும் மறக்கவில்லை. முந்தாநாள்கூடத் தன் தங்கை பெயர் என்ன என்று அவரிடமே கேட்டுவிட்டு விழித்துக்கொண்டு உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே மூன்று முழம் மல்லிகை கட்டி முடித்தாள், ஒரு கண்ணி பிசகவில்லை. அதைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டார். சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய், நல்ல வெயிலிலேயே விளக்கையெல்லாம் போட்டார். அது எதனால் என்று தெரியும், அந்த வெள்ளிக்கிழமையினால், ஆனால் இப்போது கடையில் நின்றுகொண்டு அதை எடுக்க வேண்டாம்.

சுடக் கற்றுக்கொடுத்தது அவரேதான், அதுதான் கூத்து. வாய்க்கால் தகராறு முற்றி, ராத்திரி பகல் என்று பாராமல் ஆட்கள் வாசலில் வந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்த வருஷம், லைசென்ஸ் வாங்கின புதிது. நான் மில்லில் இருக்கும்போது ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டு, கிணற்று மேட்டுக்கு இவளைக் கூட்டிப் போனார். சட்டப்படி அது தப்பு, அப்போது சட்டத்தை யார் பார்த்தது. கிணற்றுத் திட்டில் துருவிப்போட்ட தேங்காய்த்தொட்டி ஐந்தை வரிசையாக வைத்தார். "ரெண்டு கையாலயும் புடி. ஒத்தக் கண்ண மூடு. மூச்சப் புடிச்சுக்க, புடிச்சுட்டு அப்புறம் அமுத்து." முதல் குண்டு கிணற்றுக்குள் போனது. இரண்டாவது குண்டில் நடுத்தொட்டி சில்லுச் சில்லாகப் பறந்தது, மூன்றாவதில் அதற்குப் பக்கத்தில் இருந்தது. அவர் ஆறு குண்டு சுட்டு ஒன்றைத்தான் அடித்திருந்தார். இவள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டுவிட்டு, தொட்டிச் சில்லையெல்லாம் அடுப்புக்கு ஆகும் என்று முந்தானையில் பொறுக்கிக்கொண்டாள். மில்லில் ஒரு வாரம் இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார், அவ்வளவு பெருமை. இதே அபுதாகிர் பாயிடமும் சொல்லியிருப்பார். வாய்க்கால்காரர்களுக்கும் சேதி போய்ச் சேர்ந்தது, அதற்குப் பிறகு வாசலில் சத்தம் குறைந்துவிட்டது என்பதும் உண்மை.

ஊக்கு விழுகிற சத்தம் கேட்டுத் திரும்பினார். தெய்வாத்தாள் நாற்காலியை மேசைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, தாலிக் கொடியில் எப்போதும் கோர்த்துத் தொங்கவிட்டிருக்கிற ஊக்குகளைக் கழற்றி, ஐந்து கிலோ காந்தத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊக்கு துள்ளிப் போய் ஒட்டும், இவள் சிரிப்பாள். "பாருங்க மாமா, கூப்புட்ட ஒடனே ஓடுது." மில் ஆரம்பித்த காலத்தில் இதே மாதிரி சிரித்தாள். கொப்பரை விழுகிற வாயில் காந்தப் பட்டை போட்டிருக்கும், களத்தில் காய்கிற கொப்பரையோடு மாட்டு லாடத்து ஆணி, சாக்குத் தைக்கிற ஊசி, எது எதுவோ வரும், எல்லாவற்றையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். இவள் எட்டிப் பார்த்தபோது ஊக்கு நாலைந்தும் கொடியோடு அந்தப் பக்கம் சாய்ந்தன. ஒரு வருஷம் பழையதை எடுத்துவிட்டு இரண்டு மடங்கு இழுக்கிற காந்தம் வாங்கிப் போட்டார். இது பார்த்துக்கொள்ளும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது, ஷிஃப்ட் மாறும்போது ஒட்டினதைத் துடைத்து எடுப்பதை ஒருத்தரும் செய்யவில்லை, அவரும் கேட்கவில்லை. பன்னிரண்டு நாளாகச் சேர்ந்த ஆணியெல்லாம் கனம் தாங்காமல் மொத்தமாக ஒரு கட்டியாக உருவிக்கொண்டு உள்ளே விழுந்தது, எந்திரத்தின் ஷாஃப்ட் முறிந்துபோனது. ஒன்றிரண்டு ஆணி உள்ளே போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. காந்தம் குற்றம் செய்யவில்லை, அது பிடிக்க வேண்டியதைப் பிடித்தது. இது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தவர்தான் குற்றவாளி. பன்னிரண்டு கிலோ போதும், இருபது வேண்டாம் என்று இத்தனை நேரம் இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, எந்தக் காந்தத்துக்காவது எடுக்கிற கை எது என்று தெரியுமா. தெரியாது. யார் இழுத்தாலும் வரும்.

அந்த வெள்ளிக்கிழமையை எடுத்துவிட்டுத்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது. மூன்று வாரம் ஆகிறது. கரண்ட் போய்விட்டது, அவ்வளவுதான் அன்றைக்கு விசேஷம், விளக்கு ஒன்றும் எரியவில்லை, ஆறரை மணி இருக்கும். அவர் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். நடுவீட்டில் தெய்வாத்தாள் நின்றிருந்தாள். "யாருங்க நீங்க?" என்று கேட்டாள். "நாந்தான் அம்முணி." "நாந்தான்னா யாருங்க? இங்க ஆம்பளை இல்லாத நேரத்துல இப்பிடியெல்லாம் வரக்கூடாதுங்க. என்ற ஊட்டுக்காரரு வர்ற நேரமாச்சு." திருடன் என்று நினைத்த ஆளிடமும் ஒவ்வொரு பேச்சுக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசினாள், அந்த நேரத்திலும் அவருக்கு அது மனசில் பட்டது. "அவருகிட்டத் துப்பாக்கி இருக்குதுங்க. எனக்கும் சுடத் தெரியுமுங்க." சொல்லிவிட்டு உள் அறைக்குள் போனாள். பகலெல்லாம் தேடினாலும் கிடைக்காத சாவி, இவள் நேராகப் போய் அரிசி டிரம்முக்குள் கையை விட்டாள், எடுத்தாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு லாக்கர். அவர் நடுவீட்டில் இருட்டில் நின்ற இடத்திலேயே நின்றார், ஓடவில்லை, ஓடத் தோன்றவில்லை. லாக்கருக்குள் லைசென்ஸ் புத்தகமும் வெறும் தோல் உறையும்தான் இருந்தன. துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தது, தேர்தல் வந்ததனால். இவள் உறையைக் கையில் எடுத்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள், "எங்கீங்க போயிட்டீங்க, எங்கீங்க போயிட்டீங்க" என்று. யாரைத் தேடி அழுகிறாளோ அவர் ஐந்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார், கிட்டப் போக முடியவில்லை. கரண்ட் வந்த பிறகுதான் போனார். ஓட்டுக் கேட்டு வந்த ஆட்கள் எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார், கரைவேட்டிகளை நாய் மாதிரி விரட்டியிருக்கிறார், ஆனால் அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு தேர்தல் என்று ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்கு மனசுக்குள் கும்பிடு போட்டார். பயம் செத்துப்போவதைப் பற்றி இல்லை. மறுநாள் காலையில் இவள் முழுசாக விழித்துக்கொண்டு, வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்து, நடுவீட்டில் கிடப்பது யார் என்று பார்ப்பாளே, அதுதான்.

"பன்னண்டுதான் சரியா வரும், இல்லீங்களா மொதலாளி?" பாய் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். சென்னியப்பன் பதில் சொல்லத் திரும்பினார். தெய்வாத்தாள் எழுந்து நின்றிருந்தாள். மேசைக்கு அடியில் அவர் ஒட்டிவைத்திருந்த பன்னிரண்டு கிலோவிலிருந்து படிக்கல் கோர்வையை ஒரே இழுப்பில் எடுத்திருந்தாள், பார்க்காமலே எடுத்திருந்தாள். இரண்டு கையாலும் அதைச் சேர்த்துப் பிடித்து, கை இரண்டையும் நீட்டி, இடது கண்ணை மூடிக்கொண்டு, நேராக அவருடைய நெஞ்சைப் பார்த்தாள். மூச்சைப் பிடித்திருந்தாள். பிறகு விட்டாள், முகம் மலர்ந்துவிட்டது. "இப்பிடித்தானுங்களே மாமா? மூச்சப் புடிச்சுட்டு அப்புறம் அமுத்தோணும். மறக்கலீங் பாருங்க!" எதையாவது ஒன்றை மறக்காமல் சொல்லிவிட்ட சந்தோஷம் அவளுக்கு, மாமா மெச்ச வேண்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள். "மறக்கல கண்ணு, ஒண்ணையும் மறக்கல" என்றார். குரல் ஒழுங்காகத்தான் வந்தது. பாய் படிக்கல்லை இவள் கையிலிருந்து பக்குவமாக வாங்கி மேசையில் வைத்தார், அவர் சிரிக்கவில்லை. தேங்காய்த்தொட்டிக் கதை அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சின்னதக் குடுங்க பாய்" என்றார் சென்னியப்பன். "அஞ்சு கிலோவுங்களா? அது துப்பா... அந்த எடைக்கு நிக்காதுங்களே." "சாவிக்கொத்துக்கு நிக்குமில்ல. நடுவீட்டுக் கதவுல அடிச்சு வெக்கறேன், கண்ணுக்கு நேரா." பாய் ஒட்டியிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகப் பறித்து தெய்வாத்தாளின் உள்ளங்கையில் எண்ணிக் கொடுத்தார், காந்தத்தைப் பழைய பேப்பரில் சுற்றினார்.

நாலு மணிக்கு ஸ்டேஷனில் இருந்தார்கள். சேதி சொல்லிவிட்டு ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிடலாம் என்று நினைத்ததுதான், ரைட்டர் ஏதோ பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார், உட்காருங்கள் என்றார்கள். இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்ததும் சட்டைப் பையில் இருந்த காந்தம் பேப்பரோடு போய் பெஞ்சுக் கம்பியில் ஒட்டிக்கொண்டது, சட்டை ஒரு பக்கம் இழுபட அப்படியே உட்கார்ந்திருந்தார். நாலரை. ஐந்து. நாளைக்கு வரலாம் என்று எழுந்தார், நாளைக்கு வந்தால் இந்த மனசு இருக்குமா, பூபதி ராத்திரி போன் செய்வான், என்னங்ப்பா வாங்கிட்டு வந்துட்டீங்களா என்பான், நாகமாணிக்கத்தின் கண் ஞாபகம் வரும், சரி என்று வாங்கிவந்துவிடுவார். உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் நாகமாணிக்கம் கதி வந்தால்? வந்தால் வருகிறது, அது வெளியிலிருந்து வருகிற ஆபத்து, அதற்குத் தாழ்ப்பாள் போடலாம், கம்பிக்கதவு வைக்கலாம், இரண்டு நாய் கூட வளர்க்கலாம், கத்தலாம். ஐந்தே முக்காலுக்கு மேற்கே மேகம் கட்டியது, ஸ்டேஷன் மரத்தில் காக்கைகள் வந்து அடைய ஆரம்பித்தன. தெய்வாத்தாள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அது அடையாளம், அவருக்குத் தெரியும். பெஞ்சில் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். கொஞ்சம் கழித்து இன்னொரு சாண்.

ரைட்டர் வந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள், ஒரு டியூப் மட்டும் எரிந்தது. காக்கவைத்ததற்கு வருத்தம் சொன்னார், நல்ல பிள்ளை, உள்ளே போய் காடாத்துணிப் பை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், அதில் இவர் பெயரெழுதிய சீட்டு தொங்கியது. "பாத்துக்குங்க சார், நம்பர் சரியான்னு. இங்க ஒரு கையெழுத்து." சென்னியப்பன் பையைத் தொடவில்லை. "இது இங்கியே இருக்கட்டுங்க ரைட்டர்" என்றார். "தேர்தல் முடிஞ்சுதுங்களே சார்." "தெரியுமுங்க. இருந்தாலும் இருக்கட்டும். லைசென்சையே முடிச்சுக்கலாம்னு இருக்கறேன்." ரைட்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நோட்டைத் திருப்பினார். "அதுக்குத் தனியா மனு எழுதித் தரோணும். இப்பத்திக்கு நான் இதுல குறிச்சுக்கறேன். காரணம்னு ஒரு எடம் இருக்குது, என்னங்க எழுதறது?" பையனைப் பார்க்க அமெரிக்கா போகிறோம் என்று சொல்லலாம். வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று சொல்லலாம், அதில் பொய்கூடப் பாதிதான். மூன்று வாரமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரே ஒரு வாக்கியம் குறுக்கே நின்றுகொண்டு மற்றதை விடவில்லை. ரைட்டர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். தெய்வாத்தாள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். சென்னியப்பனைச் சுற்றிக்கொண்டு, அவர் மேல் படாமல், மேசைக்கு அந்தப் பக்கமாகப் போய் ரைட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். துணிப்பையைப் பார்த்தாள், சீட்டில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அய்யா, இது என்ற ஊட்டுக்காரரோடதுங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அவரு இப்ப வந்துருவாருங்க. அவரு கையிலயே குடுங்க. இவரு யாருன்னு தெரியலீங்க, மத்தியானத்துலருந்து கூடவே வர்றாரு. இவருகிட்டக் குடுத்துறாதீங்க."

ரைட்டர் பேனாவைத் தூக்கிக்கொண்டு சென்னியப்பனைப் பார்த்தார்.

"அதையே எழுதிக்குங்க" என்றார் சென்னியப்பன்.